உறையாத தண்ணீர்த் தொட்டி

அமெரிக்காவின் மான்டானா, வயோமிங் மாநிலங்களில் குளிர்காலத்தில் மேய்ச்சல் நிலத்துத் தொட்டிநீர் உறைந்துவிடும். போதிய தண்ணீரின்றி மாடுகள் தீனியையும் குறைத்துக்கொள்கின்றன. ஆகவே சுரங்க லாரிகளின் தேய்ந்த டயர்களை அங்கே தொட்டிகளாக்குகின்றனர். சிலவற்றின் குறுக்களவு 10 அடிக்கும் மேல். பளுதூக்கும் இயந்திரமின்றி அசையா.

டயரைக் கிடத்தி, மேற்பக்கச் சுவரை அறுத்தெடுத்து, அடித்துவாரத்தைக் கான்கிரீட்டால் அடைத்தல் வேண்டும். எஃகுக் கம்பிப் பின்னலுடைய டயரை அறுப்பது கடினம். கரிய ரப்பர் வெயிலின் உஷ்ணத்தை ஏற்கும். பனிக்கட்டி விரிந்தாலும் வெடிக்காது.

ஆயினும் டயர் மட்டும் போதாது. நீர்க்குழாய், நிலம் உறையும் ஆழத்திற்குக் கீழாகவே வந்து, கான்கிரீட்டினூடே தொட்டிக்குள் எழவேண்டும். அவ்வாழம் இடத்துக்கு இடம் மாறும். ஊற்றுநீராயின் இடைவிடாது பாய்ந்து வடிகுழாய் வழியே வெளியேறச் செய்யலாம். ஓடும் நீர் எளிதில் உறையாது. வடிநீரைத் தொட்டியருகே விடலாகாது. அது உறைந்தால் மாடுகள் சறுக்கி விழும்.