விரலடியில் தோன்றும் நிறம்

கைப்பேசியில் ஓர் இணையப் பக்கத்தைத் திறந்து, அதிலுள்ள இணைப்பு ஒன்றின்மீது விரலை வைத்துப் பாருங்கள். எழுத்துகளின்மேல் மெல்லிய நிறம் ஒன்று படர்ந்து மறையும். ஆண்ட்ராய்டுக் கைப்பேசியின் குரோமில் அது இளநீலம். ஐபோனின் சஃபாரியில் சாம்பல். 'நீ தொட்டதை அறிந்தேன்' என்று உலாவி நமக்குக் கூறும் விடை அது.

என் தாயார் அந்த நிறத்தை நம்பியே கைப்பேசியைக் கையாள்பவர். கருவடிக்குப்பத்தில் எங்கள் குடும்பத்திலிருந்து கல்லூரிக்கு வந்த முதல் ஆள் நான். சேர்க்கை விண்ணப்பத்தை நான் நிரப்பி முடித்ததும், "இத நான் அமுக்குறேன்டா" என்று கடைசி இணைப்பை அவர்தான் ஆசையோடு தொட்டார். நிறம் வரவில்லை. "படல போல" என்று மீண்டும் தொட்டார். விண்ணப்பம் இருமுறை பதிவாகிவிட்டது. அதைச் சரிசெய்ய இரண்டு நாள் அலைந்தோம்.

பிழை தாயாருடையது அன்று. வலைப்பக்க வடிவமைப்புப் பயின்ற பின், அந்தப் பக்கத்தின் நிரலைத் திறந்து பார்த்தேன். 'வெப்கிட் டேப் ஹைலைட் கலர்' என்னும் பண்புக்கு 'டிரான்ஸ்பரன்ட்' என்று மதிப்பிட்டிருந்தார்கள். நிறம் கண்ணுக்குத் தெரியாமல் போகும். அழகுக்காகப் பலரும் செய்வதுதான். ஆனால் அதற்கு மாற்றாக எதையும் வைக்கவில்லை.

சரி, நிறம் தோன்றியதா என்பதைப் பக்கத்தின் நிரல் கண்டறிய இயலுமா? இயலாது. அதனைத் தீட்டுவது உலாவி. என்ன நிறம் என்று ஜாவாஸ்கிரிப்ட் வழியே கேட்டறியலாம். எப்போது தீட்டப்பட்டது என்று தெரிவிக்கும் நிகழ்வு எதுவும் இல்லை.

நிரல் அறியக்கூடியது விரலின் போக்கை மட்டுமே. விரல் பட்டதும் 'பாயின்டர்டவுன்', எடுத்ததும் 'பாயின்டர்அப்', பிறகு 'கிளிக்' என நிகழ்வுகள் வரும். முதல் நிகழ்வு வந்தவுடன் நிறமும் வந்திருக்கும் என்று கொள்ளலாகாது. பக்கத்தை உருட்டுவதற்கும் விரல் அப்படித்தானே படுகிறது? உருட்டல் என்று உலாவி முடிவு செய்தால் 'பாயின்டர்கேன்சல்' வரும், கிளிக் வராது.

முன்பு இன்னொரு தொல்லையும் இருந்தது. இரட்டைத் தட்டலால் பக்கத்தைப் பெரிதாக்கும் வசதி 2007இல் ஐபோனில் வந்தது. இது ஒற்றைத் தட்டலா, இரட்டையா என்றறியக் கைப்பேசி உலாவிகள் ஏறக்குறைய 300 மில்லி வினாடி காத்திருந்தன. கைப்பேசித் திரைக்கென அமைத்த பக்கங்களில் இக்காத்திருப்பை 2014இல் குரோம் 32 நீக்கியது.

இவற்றைக் கொண்டு ஒரு சோதனைப் பக்கம் எழுதினேன். விரல் பட்டதும் நானே மஞ்சள் தீட்டினேன், உருட்டினால் அழித்தேன், கிளிக் வந்ததும் இணைப்பைப் பூட்டி, 'அனுப்பப்படுகிறது' என்று எழுதிக் காட்டினேன். 'ஹோவர்' நிறத்தைத் தவிர்த்தேன். தொடுதிரையில் அது விரலை எடுத்த பின்னும் ஒட்டிக்கொண்டு நிற்கும்.

தாயாரிடம் கொடுத்தேன். "மஞ்சளு எங்கடா? என் விரலே மறைக்குதே" என்றார். நான் எழுதியிருந்தது 'அனுப்பு' என்ற சிறிய சொல். 2023இல் வெளியான அணுகல்தன்மை நெறி 2.2, தொடுமிடம் குறைந்தது 24 பிக்சல் இருக்க வேண்டும் என்கிறது. என் தாயாரின் கட்டைவிரலுக்கு அது போதவில்லை. சொல்லைச் சுற்றி இடம்விட்டு, நிறத்தைத் திரையின் அகலம் முழுவதும் நீட்டினேன். இப்போது ஒரே தடவைதான் தொடுகிறார்.