94-ல் நிற்கும் வேகம்

கேள்வி: வீட்டில் 300 எம்பிபிஎஸ் ஃபைபர் இணைப்பு. வைஃபையில் செல்போனுக்கு 250 வரை வருகிறது. கேபிள் போட்ட டெஸ்க்டாப்பில் மட்டும் 94-ஐத் தாண்டவில்லை. என்ன கோளாறு?
– வாசகர், கெங்கவல்லி

பதில்: போனில் வேகம் வருவதால் ஃபைபர் லைனில் குறையில்லை. அந்த 94-தான் துப்பு. கம்ப்யூட்டரும் ரவுட்டரும் 100 எம்பிபிஎஸ் அளவில்தான் இணைந்திருக்கின்றன; அதில் நம் கைக்கு வருவது ஏறத்தாழ இவ்வளவுதான். விண்டோஸ் 11-ல் செட்டிங்ஸ், நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட், ஈத்தர்நெட் எனப் போய் 'லிங்க் ஸ்பீடு' பாருங்கள். 100/100 என்றிருந்தால் சந்தேகமே வேண்டாம்.

முதலில் கேபிளைப் பாருங்கள். லேன் கேபிளுக்குள் எட்டுக் கம்பிகள் உண்டு. 100-க்கு நான்கு போதும். 1000-க்கு எட்டும் வேண்டும். ஒன்று அறுந்தாலும் இணைப்பு துண்டிக்கப்படாமல் 100-க்கு இறங்கிவிடலாம். கேபிள் முனையில் இருக்கும் கண்ணாடி போன்ற ஆர்ஜே45 பிளக்கை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால், எட்டு முனைகளும் முன்பக்கம் வரை எட்டியிருக்கின்றனவா என்று தெரியும். மொட்டைமாடி வழியாகக் கேபிள் வந்தால் வெயிலில் உறை வெடித்திருக்கலாம், எலியும் கடித்திருக்கலாம்.

கம்ப்யூட்டரை ரவுட்டர் அருகே கொண்டுபோய், கேட்5இ அல்லது கேட்6 என்று அச்சிட்ட புதிய சிறு கேபிளால் இணையுங்கள். 1000 காட்டினால் பழைய கேபிள்தான் குற்றவாளி. முழுச் செம்புக் கேபிளாகக் கேட்டு வாங்குங்கள். வெளியே இழுப்பதென்றால் வெளிப்புறக் கேபிள் அவசியம்.

அப்போதும் 100 என்றால் வேறு லேன் போர்ட்டில் செருகுங்கள். ரவுட்டரின் போர்ட்டே 100 வகையா என்றும் பாருங்கள். நெட்வொர்க் கார்டு பழையதானால், யுஎஸ்பி 3.0 கிகாபிட் அடாப்டர் போதும். புதுக் கம்ப்யூட்டர் வாங்க வேண்டியதில்லை.