குணமாகாத சிசுவும் பௌத்தக் குடும்பத்தின் முடிவும்

உங்கள் மருமகள் பௌத்தராக இருக்கலாம். அல்லது, அடுத்த வீட்டில் பிறந்த குழந்தையின் நோயைக் குணப்படுத்த முடியாது என்று மருத்துவர்கள் சொல்லியிருக்கலாம். ‘செயற்கைச் சுவாசக் கருவியை ஏன் வேண்டாம் என்கிறார்கள்?’ என்று நீங்கள் யோசித்தால், இவ்விவரங்கள் உதவும்.

நோய்த்தணிப்புப் பராமரிப்பு என்பது குழந்தையைக் கைவிடுவதன்று. வலி, மூச்சுத்திணறல், வலிப்பு ஆகியவற்றைக் குறைத்து, இருக்கும் நாள்களில் பெற்றோரின் மடியில் அது நிம்மதியாக இருக்க உதவுவது. சிங்கப்பூரில் முன்கூட்டிய மருத்துவ உத்தரவில் 21 வயது நிரம்பியவர்கள் மட்டுமே கையெழுத்திடலாம். சிசுவுக்காகப் பெற்றோரும் மருத்துவக் குழுவும் கலந்துபேசியே முடிவெடுக்க வேண்டியுள்ளது.

பௌத்தத்தின் ஐந்து சீலங்களில் முதலாவது கொல்லாமை. அதனால் சில பெற்றோர் கருவியை நிறுத்த அஞ்சுகிறார்கள். ஆனால், செயலின் பின்னுள்ள எண்ணத்தையே பௌத்தம் வினை என்கிறது. உயிரைப் போக்கும் எண்ணத்துடன் ஊசி போடுவதும், பயன் தராத சிகிச்சையை நிறுத்துவதும் ஒன்றல்ல என்பது பல பௌத்த அறிஞர்களின் கருத்து. வலியைத் தணிக்க அளவறிந்து மார்ஃபின் கொடுப்பதையும் அவ்வாறே பார்க்கலாம். இறக்கும்போது மனம் தெளிவாக இருக்க வேண்டும் என்று பெரியவர்கள் சிலர் வலிமருந்தைக் குறைக்கச் சொல்வதுண்டு. அது அவர்கள் தாங்களே எடுக்கும் முடிவு. வாய்திறந்து சொல்லத் தெரியாத சிசுவை வலியில் விட அது காரணமாகாது.

ஒன்றை மட்டும் தயவுசெய்து சொல்லாதீர்கள்: “எல்லாம் முற்பிறவிப் பாவம்.” நம்மில் பலர் ஆறுதலாக நினைத்தே இதைச் சொல்கிறோம், பெற்ற தாய்க்கு அது குற்றச்சாட்டாகவே கேட்கும். பௌத்த நூலும் அப்படிச் சொல்லவில்லை. சீவகன் என்ற துறவி கேட்டதற்கு, துன்பத்துக்கு எட்டுக் காரணங்கள் உண்டு என்று புத்தர் விளக்கியதாகப் பாலி நூலான சம்யுத்த நிகாயம் கூறுகிறது. பித்தம், கபம், வாதம், இம்மூன்றும் சேர்வது, பருவநிலை மாற்றம், கவனக்குறைவு, பிறர் தாக்குதல் ஆகியவற்றோடு வினைப்பயனும் ஒன்று. நம் சித்த வைத்தியர்கள் நாடி பிடித்துச் சொல்லும் அதே வாதம், பித்தம், கபந்தான்!

குழந்தையின் கடைசி நேரத்தில் தேரவாதக் குடும்பங்கள் பிக்குகளை அழைத்துப் பிரித் ஓதச் சொல்லலாம். சீனப் பௌத்தர்கள் பலர் அமிதாப புத்தரின் பெயரை உச்சரிப்பார்கள். இறந்தபின் எட்டு மணி நேரம் உடலைத் தொடவோ நகர்த்தவோ கூடாது என்று அவர்களில் சிலர் நம்புகின்றனர். ஆகவே, பெற்றோரிடம் கேட்காமல் குழந்தையைத் தூக்காதீர்கள். மருத்துவமனையில் அவ்வளவு நேரம் இடம் கிடைப்பது எளிதன்று. குடும்பத்தினருக்கு இவ்விருப்பம் இருந்தால், தாதியரிடமோ மருத்துவ சமூக ஊழியரிடமோ முன்கூட்டியே சொல்லிவைக்கும்படி நினைவூட்டுங்கள்.