கட்டிலில் சேராத தெம்பு

ஆபரேஷனுக்கு நாள் குறித்துவிட்டால் போதும், "இனி அலையாதே, படுத்து உடம்பைத் தேற்று" என்று வீடே உத்தரவு போடும். பித்தப்பையானாலும் பெருங்குடலானாலும் இதே பேச்சுதான். படுத்திருந்தால் தெம்பு சேரும் என்ற நம்பிக்கைக்கு நம் பக்கத்து ரயில் நிலையத்தின் பெயரே சாட்சி: தாம்பரம் சானடோரியம். 1928-ல் டாக்டர் சௌரி முத்து இங்கே காசநோய் மருத்துவமனையைத் தொடங்கியபோது காற்று, ஓய்வு, நல்ல சாப்பாடு ஆகியவைதான் அந்நோய்க்கு உலகெங்கும் வைத்தியம். மருந்துகள் வந்த பிறகும் ஓய்வுக்கு மரியாதை குறையவில்லை. 1956-ல் சென்னையில் தொடங்கிய ஆய்வு அதைச் சோதித்தது. ஒரே மருந்துகளை ஒரு சாரார் சானடோரியத்தில் ஓய்வோடும், மற்றவர்கள் நெருக்கடியான வீடுகளில் வேலைவெட்டியோடும் சாப்பிட்டார்கள். 1959-ல் வெளிவந்த முடிவில் இரு சாராரும் ஏறத்தாழ ஒரே அளவில் குணமாகியிருந்தார்கள். குணமாக்கியது மருந்துதான், நடந்தால் காசநோய் தீரும் என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. கட்டிலுக்குக் கொடுத்துவந்த பெருமைதான் அன்று ஆட்டம் கண்டது.

வயிற்று ஆபரேஷனிலோ அந்தப் பெருமை சுத்தமாகச் செல்லாது. 2007-ல் அமெரிக்காவில், நோயில்லாத முதியவர்களைப் பத்து நாள் படுக்கவைத்துப் பார்த்ததில் கால்களில் மட்டும் ஏறக்குறைய ஒரு கிலோ சதை கரைந்திருந்தது. வயிற்றைத் திறந்த பிறகு வலிக்குப் பயந்து மேலோட்டமாக மூச்சு விடுவோம். நுரையீரலின் அடியில் சளி தங்கும். அந்த வழியாக நிமோனியா வரலாம். 2018-ல் வெளிவந்த ஓர் ஆய்வில், ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் மேல்வயிற்று ஆபரேஷனுக்குக் காத்திருந்த 441 பேரில் ஒரு பாதியினருக்கு, பிசியோதெரபிஸ்ட் முன்கூட்டியே ஒரே ஒரு தடவை, அரை மணி நேரம், மூச்சுப் பயிற்சி சொல்லிக்கொடுத்தார். நுரையீரல் சிக்கல் மற்றவர்களில் 27 சதவீதம், இவர்களில் 12. அதே ஆண்டு வெளிவந்த பார்சிலோனா ஆய்வில், ஆபத்து அதிகமுள்ள நோயாளிகளுக்கு முன்பே உடற்பயிற்சி கொடுத்தபோது சிக்கலுக்கு ஆளானவர்கள் 62 சதவீதத்திலிருந்து 31 ஆனார்கள்.

எல்லா ஆய்வும் இப்படிச் சாதகமாக வரவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். மான்ட்ரியலில் தளர்ந்துபோன பெருங்குடல் புற்றுநோயாளிகளிடம் நடந்து 2020-ல் வெளிவந்த ஆய்வின்படி, நாலு வாரப் பயிற்சியால் சிக்கல்கள் குறையவில்லை. நடையோ பயிற்சியோ மந்திரமல்ல என்பதற்கு இது ஆதாரம், படுக்கைக்கு ஆதாரமாகாது. "நடந்தால் குடலிறக்கம் பிதுங்கிவிடாதா?" என்பது குடலிறக்க ஆபரேஷனுக்குக் காத்திருப்பவர்களின் நியாயமான பயம். சமதளத்தில் நிதானமாக நடப்பது வேறு, தண்ணீர்க் குடம் தூக்குவது வேறு. ஆனால் பிதுங்கல் உள்ளே போகாமல் வலித்தாலோ, வாந்தி எடுத்தாலோ, நெஞ்சு வலித்தாலோ நடையைப் பற்றிப் பேசக் கூடாது, உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டும். கடும் ரத்தசோகையோ இதயக் கோளாறோ உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடங்க வேண்டாம். நடக்க இடமேது என்பார்கள், ஜி.எஸ்.டி. ரோட்டைப் பார்த்தால் அதுவும் உண்மைதான். விடிகாலையில் சிட்லபாக்கம் ஏரிக்கரை இருக்கிறது, அதுவும் எட்டாவிட்டால் மொட்டைமாடி. பேசிக்கொண்டே நடக்க முடிகிற, ஆனால் பாட முடியாத வேகம் போதும். மயக்க மருந்து டாக்டரைப் பார்க்கப் போகும்போது, எத்தனை மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்று அவர் கேட்கக்கூடும். முந்தின வாரமே ஏறிப் பார்த்து வைத்தால் பதில் கையில் இருக்கும்.