தொகையைச் சொல்லிவிட்டுப் பேசாமல் இருங்கள்

கேள்வி: தஞ்சை மாவட்டத்தில் 11 வருடமாக வாடகை வீட்டில் ஒரு சிறப்புப் பள்ளி நடத்துகிறோம். மனை வாங்கியாயிற்று; கட்டடத்துக்கு 60 லட்சம் வேண்டும். அறங்காவலர்கள் ஒன்பது பேர். இதுவரை 500, 1,000 என்று ரசீது போட்டே ஓட்டிவிட்டோம். பெரிய தொகை கேட்கப் போகலாம் என்றால் ஒவ்வொருவரும் அடுத்தவர் முகத்தைப் பார்க்கிறார்கள். ஓய்வுபெற்ற தலைமையாசிரியரான எங்கள் தலைவர், “யாரிடமும் கை நீட்டிப் பழக்கமில்லை” என்கிறார். என்ன செய்யலாம்?

பதில்: ஒன்பது பேரும் இந்தக் கட்டடத்துக்குத் தங்கள் கையிலிருந்து எவ்வளவு போட்டிருக்கிறீர்கள்? கடிதத்தில் அந்தப் பேச்சே இல்லை. உழைப்பைத் தருகிறோமே என்பீர்கள், வாஸ்தவம்தான். ஆனால் பெரிதாகக் கொடுக்கக்கூடியவர் இதைத்தான் முதலில் கேட்பார், வாய்விட்டோ மனசுக்குள்ளோ. தொகை சமமாக இருக்க வேண்டியதில்லை. பென்ஷன்காரர் 5,000 போடட்டும், வசதியுள்ளவர் 2 லட்சம் போடட்டும். ஒன்பது பெயரும் பட்டியலில் இருந்தாக வேண்டும். தான் போட்டுவிட்டுக் கேட்கப் போகிறவருக்குப் பாதிக் கூச்சம் தானாகவே போய்விடும்.

சில வருடங்களுக்கு முன் ஓர் அறக்கட்டளைக்காரர்களோடு மில் முதலாளி ஒருவர் வீட்டுக்குப் போயிருந்தேன். ஐந்து பேராகப் போனோம், அதுவே தப்பு. முக்கால் மணி நேரம் அவரவர் சேவையை அவரவர் சொன்னார்கள். காபியில் ஆடை படிந்துவிட்டது. கடைசியில் பொருளாளர் எழுந்துகொண்டே, “உங்களால் முடிந்ததைச் செய்யுங்கள்” என்றார். 10,000 ரூபாய்க்குச் செக் வந்தது. வாசல்வரை வந்த முதலாளி என் காதோரம், “எவ்வளவு வேணும்னு கடைசிவரை சொல்லலையே” என்றார். மூன்று லட்சம் கேட்பதாகக் காரில் பேசிக்கொண்டுதான் போனார்கள்.

ஆகவே 60 லட்சத்தை முதலில் உடையுங்கள். 15 லட்சம் தருகிறவர் ஒருவர், ஏழரை தருகிறவர் இருவர், மூன்று தருகிறவர் ஐவர் என்றால் 45 லட்சம் தேறும். மிச்சத்துக்கு உங்கள் ரசீதுப் புத்தகம் இருக்கிறது. எட்டுப் பேர் கொடுக்க வேண்டுமென்றால் இருபத்தைந்து பேரையாவது பார்க்க வேண்டியிருக்கும். அடுத்த கூட்டத்தில் வேறு எதுவும் பேசாமல் அந்தப் பெயர்களை எழுதுங்கள். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே, அவர் வீட்டு வாசலில் தயங்காமல் செருப்பைக் கழற்றக்கூடிய அறங்காவலர் யார் என்று எழுதுங்கள். எதற்குக் கொடுக்கிறோம் என்பதும் கண்ணுக்குத் தெரிய வேண்டும்: இயன்முறை சிகிச்சை அறை, சாய்தளத்தோடு கழிப்பறை, இப்படி. அழகப்பச் செட்டியார் காரைக்குடியில் 300 ஏக்கரும் 15 லட்சம் ரூபாயும் தந்தது ‘கல்விப் பணிக்கு’ என்று பொத்தாம்பொதுவாக அல்ல, மின்வேதியியல் ஆய்வகத்துக்கு. 1948-ல் அடிக்கல் நாட்டப்பட்டது.

வரிச்சலுகையை முதல் வாக்கியமாக வைக்காதீர்கள். 80ஜி கழிவு புதிய வரித்திட்டத்துக்கு மாறியவருக்குக் கிடையாது. பழைய திட்டத்தில் இருப்பவருக்கும் 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் கிடையாது. உங்கள் ஊர்ப்பக்கம் எல்லோருக்கும் வெளிநாட்டில் சொந்தம் இருக்குமே, அதில் கவனம். இந்தியக் குடிமகனாகவே துபாயில் இருக்கும் தம்பி தன் சேமிப்பிலிருந்து வங்கி வழியே அனுப்பலாம். அமெரிக்கக் குடியுரிமை வாங்கிய மைத்துனர் அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை. உள்துறை அமைச்சகத்தின் பதிவோ முன் அனுமதியோ இல்லாமல் வாங்கக் கூடாது. அதற்கான கணக்கும் டெல்லி ஸ்டேட் வங்கி முதன்மைக் கிளையில்தான் இருக்க வேண்டும். உங்கள் ஆடிட்டரைக் கேட்காமல் யாருக்கும் கணக்கு எண்ணை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடாதீர்கள்.

போவதற்கு முன் ஒத்திகை பாருங்கள். சிரிப்பு வரும், வரட்டும். ஒருவர் முதலாளியாக உட்காரட்டும், இன்னொருவர், “சிகிச்சை அறைக்கு ஏழரை லட்சம் ஆகிறது. அதை நீங்கள் கட்டித் தர வேண்டும் என்று கேட்க வந்தோம்” என்று சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ள வேண்டும். கடினமே இங்கேதான். நம்மவர்கள் அந்த மௌனம் தாங்காமல், “இல்லாவிட்டால் பாதியாவது” என்று தாங்களே குறைத்துவிடுவார்கள்.

தலைவரைக் கேட்கச் சொல்லி வற்புறுத்தாதீர்கள். உள்ளூர்த் தலைமையாசிரியர் என்றால் பட்டியலில் பாதிப் பேர் அவரிடம் படித்தவர்களாக இருப்பார்கள். அவர் வந்து, பள்ளியில் ஒரு குழந்தை தன் சட்டைப் பொத்தானைத் தானே போடக் கற்றுக்கொள்ள எத்தனை மாதம் ஆனது என்று மட்டும் சொல்லட்டும். அவர் முடித்ததும் தொகையைச் சொல்ல வேண்டியவர் நீங்கள்.