கைத்தொலைபேசியில் கற்பது எப்படி?

கல்லூரி மாணவர் பலர் விரிவுரைக் குறிப்புகளைக் கைத்தொலைபேசியில் சேமித்துத் திரும்பத் திரும்ப வாசிக்கின்றனர். அது மட்டும் போதுமா?

அமெரிக்க உளவியலாளர் ரோடிகர், கார்ப்பிக் ஆகியோர் 2006ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு விடை தருகிறது. ஒரு பகுதியை இருமுறை வாசித்த மாணவர் ஐந்து நிமிடத்தின் பின் முந்தி நின்றனர். ஒரு வாரத்தின் பின்னரோ அவர்கள் நினைவில் நின்றது நூற்றுக்கு 42 பங்கே. ஒருமுறை வாசித்து, பின்பு பாராமல் எழுதியவர்கள் 56 பங்கை நினைவுகூர்ந்தனர்.

‘அன்கி’ போன்ற செயலிகள் இவ்வாறே பயிற்றுகின்றன. வினா முதலில் தோன்றும். விடையை நினைத்துப் பார்த்தபின் சரிபார்க்கலாம். கடினமானது விரைவில் மீண்டும் வரும். எளிதானது நாள் தள்ளி வரும்.

பெற்றோரே, கருவியைப் பறிப்பதற்கு முன், “இன்று பாராமல் எதைச் சொல்வாய்?” என்று கேளுங்கள். மாணவரே, விடையைத் தேடுமுன் சற்றே சிந்தியுங்கள். அந்தச் சிறு முயற்சியே கல்வி.