போட் ராம்ப்பில் ஊரையே காக்க வைக்காதீங்க!

டல்லாஸ் பக்கம் புதுசா போட் வாங்கின தம்பி தங்கச்சிங்களுக்குத்தான் இது. லேக் லூயிஸ்வில்லுக்கோ லேக் டெக்ஸோமாவுக்கோ கிளம்பறதுக்கு முன்னாடி அஞ்சு நிமிஷம் ஒதுக்கிப் படிச்சிடுங்க. மெமோரியல் டே, ஜூலை 4, லேபர் டே வாரக்கடைசிகள்ல, போட்டைத் தண்ணியில இறக்குற ராம்ப்புல வண்டிங்க வரிசை கட்டி நிக்கும். ராம்ப்ங்கிறது பந்தியில கை கழுவுற குழாயடி மாதிரி. வேலை முடிஞ்சதா, நகர்ந்துடணும். அங்கேயே நின்னு கதை பேசினா பின்னாடி நிக்கிறவங்க முகம் சுளிக்கத்தான் செய்வாங்க.

வீட்டுலயே முடிக்க வேண்டியது

1. ரிவர்ஸ் பழகுங்க. ராம்ப்பைப் பயிற்சி மைதானம் ஆக்காதீங்க. ஞாயித்துக்கிழமை காலையில காலியா இருக்கிற பார்க்கிங் லாட்டுக்கு டிரெய்லரோட போங்க. ஸ்டியரிங்கோட அடிப்பக்கத்துல கையை வைங்க. டிரெய்லர் எந்தப் பக்கம் போகணுமோ, அந்தப் பக்கமே கையை நகர்த்துங்க. குழப்பமே வராது.

2. இன்ஜினை வீட்டுலயே சோதிங்க. பேட்டரி செத்துப் போச்சுன்னு தண்ணியில இறக்கின அப்புறம் கண்டுபிடிச்சா, உங்க நாளும் போச்சு, வரிசையில நிக்கிறவங்க நாளும் போச்சு.

ராம்ப்புக்கு மேலே, ஒதுக்குப்புறமா

3. சாமான் எல்லாம் இங்கேயே ஏத்துங்க. கூலர், தூண்டில், துண்டு, சாப்பாட்டு டப்பா, சன்ஸ்கிரீன் எல்லாமே வரிசைக்கு வர்றதுக்கு முன்னாடி போட்டுக்குள்ள இருக்கணும். மேல் கவரையும் இங்கேயே கழட்டிடுங்க. எல்லாரும் செய்யற முதல் தப்பு, சரிவுல வண்டியை நிறுத்திட்டு சாமான் ஏத்துறதுதான்.

4. டிரெய்ன் பிளக்கை, அதாவது தண்ணி வடியற ஓட்டையை அடைக்கிற மூடியைத் தொட்டுப் பாருங்க. "போட்டாச்சுன்னு நினைக்கிறேன்"ங்கிற பேச்சே வேண்டாம். அதை மறந்தா போட்டுக்குள்ள தண்ணி ஏறும்.

5. பின்பக்கப் பட்டையை அவிழுங்க, முன்பக்க வின்ச் பட்டையை அப்படியே விட்டு வைங்க. பின்பக்கத்தை அவிழ்க்காம இறக்கினா போட் டிரெய்லரை விட்டு வராது. வின்ச்சையும் சங்கிலியையும் தண்ணிக்கு வர்றதுக்கு முன்னாடியே அவிழ்த்தா, போட் வழுக்கி கான்கிரீட்ல விழும். முன்னாடி ஒரு கயிறு, பின்னாடி ஒரு கயிறு கட்டித் தயாரா வைங்க.

6. குழந்தைங்களுக்கு லைஃப் ஜாக்கெட் இங்கேயே மாட்டுங்க. 26 அடிக்குக் குறைஞ்ச போட் ஓடும்போது, 13 வயசுக்குக் கீழே இருக்கிற பிள்ளைங்க அதைப் போட்டிருக்கணும்னு டெக்சாஸ் சட்டமே சொல்லுது. ராம்ப்போட கீழ்ப்பகுதியில பாசி படிஞ்சு வழுக்கும். பிள்ளைங்களை டிரெய்லருக்குப் பின்னாடி விளையாட விடவே விடாதீங்க.

இறக்கும்போது

7. ஒரே ஒரு லேன் போதும். கோணலா நின்னு ரெண்டு லேனை மறிக்காதீங்க. நேரா வரலைன்னா முன்னாடி போய்த் திரும்ப வாங்க, யாரும் கோவிச்சுக்க மாட்டாங்க. இருட்டுல ரிவர்ஸ் எடுக்கும்போது ஹெட்லைட்டை அணைச்சிடுங்க. மேலேயிருந்து ரிவர்ஸ்ல இறங்குறவங்க கண்ணு கூசும்.

8. இறங்கினதும் நகருங்க. போட்டைக் கயித்தால இழுத்து டாக்கோட கடைசி முனைக்குக் கொண்டு போங்க. ஒருத்தர் போட்டைப் பிடிச்சுக்கட்டும், ஒருத்தர் வண்டியை நிறுத்திட்டு வரட்டும். டாக் நடுவுல கட்டிப் போட்டுட்டு பாத்ரூமுக்குப் போகாதீங்க. டிரெய்லருக்குன்னு கோடு போட்ட நீள இடத்துல வெறும் காரை நிறுத்தாதீங்க.

9. ராம்ப் பக்கத்துல மெதுவா போங்க. நீங்க கிளப்புற அலை, அப்பதான் டிரெய்லர்ல போட் ஏத்திக்கிட்டு இருக்கிறவரைத் தூக்கி அடிக்கும்.

திரும்ப ஏத்தும்போது

10. ஓட்டுநரை மட்டும் இறக்கி விட்டுட்டு விலகி நில்லுங்க. அவர் வண்டியை எடுத்துட்டு வந்து வரிசையில நிக்கட்டும். அவர் முறை வர்ற வரைக்கும் போட் தள்ளியே இருக்கட்டும். வண்டியே வராம டாக்கைப் பிடிச்சு வைக்கிறது நியாயமே இல்லை.

11. இன்ஜினை முறுக்கி டிரெய்லர்ல ஏத்தாதீங்க. புரொப்பெல்லர் தள்ளுற தண்ணி, கான்கிரீட் முடியற இடத்துல மண்ணை அரிச்சுப் பள்ளம் ஆக்கிடும். அடுத்து வர்றவர் டிரெய்லர் சக்கரம் அதுலதான் விழும். வின்ச்சால இழுங்க, ரெண்டு நிமிஷ வேலைதான்.

12. மேலே ஏறின அப்புறம் பட்டை கட்டுங்க. வின்ச்சும் சங்கிலியும் மாட்டினதும் வெளியே வந்துடுங்க. மிச்சமெல்லாம் ஒதுக்குப்புறத்துல.

கிளம்பறதுக்கு முன்னாடி: இதை மட்டும் விடவே கூடாது

13. சுத்தம் பண்ணுங்க, தண்ணியை வடிங்க, காய வைங்க. ஸீப்ரா மஸல்னு விரல் நகம் அளவுல ஒரு சிப்பி. கருங்கடல், காஸ்பியன் பக்கத்துல இருந்து கப்பல் தண்ணியோட அமெரிக்காவுக்கு வந்து, 2009ல டெக்ஸோமாவுக்கும் வந்துடுச்சு. அங்கேயிருந்து மத்த ஏரிகளுக்குப் பரவுறதுக்கு முக்கியக் காரணமே நம்ம போட்டும் டிரெய்லரும்தான். ஒரு பெண் சிப்பி வருஷத்துக்கு 10 லட்சம் முட்டை வரைக்கும் இடும். குஞ்சு கண்ணுக்கே தெரியாது, ஒரு கை தண்ணி போதும் அதுக்கு. குடிதண்ணி எடுக்கிற குழாய்க்குள்ள ஒட்டிக்கிட்டு அடைச்சிடும்.

அதனால பிளக்கைக் கழட்டுங்க. லைவ்வெல் (மீனை உயிரோட வைக்கிற தொட்டி), மீன் இரை வாளி எல்லாத்துலயும் இருக்கிற தண்ணியைக் கொட்டிடுங்க. டிரெய்லர்ல தொங்குற பாசியையும் செடியையும் பிடுங்கிக் குப்பையில போடுங்க. ஏரியை விட்டுக் கிளம்பும்போது தண்ணியை வடிச்சிருக்கணும்னு 2014 ஜூலையில இருந்து டெக்சாஸ் முழுக்கச் சட்டம் இருக்கு. மஸலைச் சுமந்துக்கிட்டுப் போய் முதல் தடவை பிடிபட்டாலே 500 டாலர் வரைக்கும் அபராதம். அடுத்த ஏரிக்குப் போறதுக்கு முன்னாடி ஒரு வாரமாவது காய விடுங்க. அவ்வளவு நாள் இல்லைன்னா 140 டிகிரி ஃபாரன்ஹீட் வெந்நீரை வேகமா பீச்சிக் கழுவுங்க.

14. அறுந்த தூண்டில் நரம்பு, கொக்கி எதையும் ராம்ப்புல விடாதீங்க. பறவை கால்ல சுத்தும், குழந்தை கால்ல குத்தும்.

கடைசியா ஒண்ணு. யாராவது புதுசா வந்து திணறினா ஹாரன் அடிக்காதீங்க, வீடியோ எடுக்காதீங்க. இறங்கிப் போய் "கயித்தை நான் பிடிக்கட்டுமா?"ன்னு கேளுங்க. அவர் வேலை முடிஞ்சாதான் உங்க முறை வரும்.